கொஸ்தான்சோவும் தைரியநாதரும்

வீரமாமுனிவர் பெயர் மாற்றிக்கொண்ட கதையைப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். தைரியநாதர் என்பது வடமொழி என்று அறிந்ததும், தூய தமிழில் வீரமாமுனிவர் என்று மாற்றிக்கொண்டாராம். இதைச் சோதித்துப் பார்க்கும் கடமை புதுச்சேரிக்கு உண்டு. அவருடைய காப்பியமான தேம்பாவணியை 1851 முதல் 1853 வரை மூன்று பகுதிகளாக அச்சிட்டது இவ்வூர் மிஷன் அச்சகம். 1822இல் அவர் சரித்திரத்தை எழுதிய முத்துசாமிப் பிள்ளையும் புதுவைக்காரர்.

1680இல் வட இத்தாலியின் காஸ்திலியோனேயில் பிறந்த அவருக்கு இட்ட பெயர் கொஸ்தான்சோ. நம் நூல்கள் எழுதும் 'கான்ஸ்டன்டைன்' உண்மையில் வேறு பெயர். ரோமப் பேரரசன் கான்ஸ்தான்தீனுஸின் தந்தை கான்ஸ்தான்தியுஸ். கொஸ்தான்சோ அந்தத் தந்தையின் பெயர்வழி வந்தது. இரண்டுக்கும் அடி ஒன்றே: நிலைபெயராதவன் என்று பொருள்படும் லத்தீன்சொல். அதன் வேர் 'நிற்றல்'.

இன்று தைரியம் என்றால் பயமின்மை என்றே கொள்கிறோம். வடமொழியில் அச்சொல்லுக்கு உறுதி, நிலைகுலையாமை என்பதே முதன்மையான பொருள். துணிவு பிறகு வருவது. ஆகவே தைரியநாதர் என்பது கொஸ்தான்சோவுக்கு மிக நேரான பெயர்ப்பு. அது தற்செயல் என்று தள்ளவும் முடியாது. தேம்பாவணியில் சூசையப்பர் 'வளன்' ஆகிறார். சூசை என்பதன் மூலமான எபிரேயப் பெயர் பெருகுதலைக் குறிப்பது. 'கடவுள் அருளினார்' என்ற பொருளுடைய யோவான் 'கருணையன்' ஆகிறார். பெயரின் உட்பொருளைத் தேடித் தமிழாக்குவது அவர் கைவந்த முறை.

அந்நாளைய கத்தோலிக்கரிடமும் அவ்வழக்கு இருந்தது. சிறியவன் என்ற பொருளுடைய பவுல் சின்னப்பரானார். முடி என்ற பொருளுடைய ஸ்தேவான் முடியப்பரானார். எல்லாப் பெயரும் இப்படி அமைந்துவிடவில்லை. அதே காஸ்திலியோனேயில் 1568இல் பிறந்த புனிதர் லூயிஜி நம்மிடம் ஞானப்பிரகாசியார். லூயிஜியின் ஜெர்மானிய மூலமோ புகழும் போரும் சேர்ந்த சொல். ஞானமும் இல்லை, பிரகாசமும் இல்லை. அதோடு ஒப்பிட்டால் தைரியநாதரின் செம்மை விளங்கும்.

இனி வீரமாமுனிவர். வீரம், முனி இரண்டும் வடமொழியிலும் வழங்குபவை. தூய்மை வாதம் இங்கேயே இடறுகிறது. தேம்பாவணியில் அயற்பெயர்களைத் தமிழாக்கியதை அந்த வாதத்துக்குச் சான்றாகக் காட்டலாம். ஆனால் அப்படித் தமிழாக்கச் செய்யுள் மரபே போதிய காரணம். 1732இல் தம் அகராதிக்குச் 'சதுரகராதி' என்று வடசொல்லை முன்வைத்துப் பெயரிட்டவர், சொந்தப் பெயரில் மட்டும் வடசொல்லுக்குக் கூசினார் என்பதை நம்ப எனக்கு வழியில்லை. தனித்தமிழ் இயக்கம் பிறந்ததே 1916இல்தான். இன்னொன்று, பணிவை நோன்பாகக் கொண்ட துறவி எவரும் தம்மைத் தாமே 'மாமுனிவர்' என்று அழைத்துக்கொள்ள மாட்டார். அது தமிழர் மகிழ்ந்து சூட்டிய பட்டம் என்பதே பொருந்துகிறது.

பட்டம் நிலைக்கட்டும், அதற்கு அவர் முழுத் தகுதி உடையவர். ஆனால் கொஸ்தான்சோ என்ற பெயரின் தமிழ் வடிவம் தைரியநாதர்தான். அதைக் கைவிட்ட பிழைபோலச் சொல்லும் வரியைப் பாடநூல்கள் நீக்க வேண்டும்.