சிலம்பும் விரியனும்: மலிவுச் சாமான்களின் அரங்கியல்

கையில் காசில்லை, அதனால் நாடகமில்லை என்பது நம்மிடையே நிலைபெற்றுவிட்ட ஒரு சொல்லாடல். தென்காசிப் பக்கம் புதிதாக நாடகம் போடக் கிளம்புகிறவர்கள் முதலில் விசாரிப்பது வாடகைக்கு டிரஸ் கிடைக்கும் கடையைத்தான். கிரீடம், வாள், சரிகைப் பட்டு எல்லாம் மூட்டையாக வந்து இறங்கும். வேஷம் என்பது அசலின் போலி. போலி எவ்வளவுக்கு அசலை நெருங்குகிறதோ அவ்வளவுக்கு நாடகம் உசத்தி என்கிற நம்பிக்கைதான் இந்த மூட்டைக்குள் கட்டப்பட்டிருக்கிறது.

இதற்கான மறுப்பு குற்றாலத்திலேயே கிடக்கிறது. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில், நகை போட்டுத் திரும்பி வரும் சிங்கியைச் சிங்கன் பார்க்கிறான். அவள் காலில் கிடக்கும் சிலம்பு அவன் கண்ணுக்குப் பெரிய விரியனாகத் தெரிகிறது. சேலத்துப் பக்கம் குறி சொல்லிப் பெற்றது என்று அவள் விளக்க வேண்டியிருக்கிறது. ஒரே பொருள், இரண்டு பார்வை. இந்தக் காட்சிக்கு அசல் வெள்ளிச் சிலம்பைக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? பார்வையாளர் வெள்ளியை மட்டுமே பார்ப்பார், விரியன் செத்துப்போகும். சிங்கனுக்கு நகை தெரியாது என்று சிரித்துவிட்டுப் போவார், அவ்வளவுதான்.

மாறாக, சுண்டுவிரல் கனத்துக்குச் சணலைத் திரித்து, மைதாப் பசையில் முக்கி, ஒரு செம்பின்மேல் வாய்திறந்த வளையமாகச் சுற்றிக் காயவிட்டு, வெள்ளி ஜிகினாவை இடைவிட்டு இடைவிட்டு ஒட்டிப் பாருங்கள். சணலின் பழுப்பு அங்கங்கே எட்டிப் பார்க்கும். நின்றால் சிலம்பு, நடந்தால் விரியன். மலிவு இங்கே குறையல்ல. பிரதி கேட்கும் இரட்டைத்தன்மையை அதுதான் தருகிறது.

தொடங்க நினைப்பவர்களுக்குப் பழைய அட்டைப்பெட்டி, செய்தித்தாள், மைதா, சணல் போதும். கிரீடத்துக்குத் தலைச் சுற்றளவை நூலால் அளந்து, ஒட்டுக்கு இரண்டு விரல் கூட்டி அட்டையை வெட்ட வேண்டும். தாளைக் கத்தரிக்காமல் கையால் கிழித்தால்தான் விளிம்பு படியும். நெடுக்கில் ஒன்று, குறுக்கில் ஒன்று என நாலு அடுக்கு; ஒன்று காய்ந்த பிறகே அடுத்தது. ஆனி, ஆடிச் சாரலில் இந்த வேலை ஆகாது, பூசணம் பிடித்துவிடும். பசையில் பூச்சி வராமலிருக்கப் பைண்டிங்காரர்கள் கலக்கும் மயில்துத்தம் விஷம். தோலில் படுகிற சாமானுக்கு வேண்டாம்.

போலந்தின் குரோட்டோவ்ஸ்கி 1960களில் 'வறிய அரங்கு' பற்றிப் பேசியபோது ஒப்பனையையும் அலங்காரத்தையும் கழித்து நடிகனின் உடலை மிச்சம் வைத்தார். பாதல் சர்க்கார் 1980இல் சோழமண்டலத்தில் நடத்திய பட்டறைக்குப் பிறகு இங்கும் சிக்கனம் என்றால் துறவு என்றே பலர் எடுத்துக்கொண்டார்கள். நம் மக்களின் சிக்கனமோ வேறு. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்குத் தென்காசி மாவட்டத்திலிருந்தும் மாலை போட்டு, வேஷம் கட்டி, வீடு வீடாகக் காணிக்கை வாங்கிப் போகிறார்கள். அட்டையும் ஜிகினாவுமான கிரீடத்துக்குக் கீழே காளி நிற்கிறாள், பார்ப்பவர் கும்பிடுகிறார். இரும்பு வேலும் வாளும் கொண்டுவரக் கூடாது என்று அண்மை ஆண்டுகளில் காவல்துறை அறிவித்துவருகிறது. அட்டை வாளே காளிக்குப் போதும் என்று போலீஸ்காரருக்குத் தெரிகிறது, நம்ம நாடகக்காரருக்குத் தெரியவில்லை.

ஆனால் மலிவான குறி அப்பாவியான குறி அல்ல. அதே தசராவில் ஒரு கூடையும் நாலு பாசிமணியும் இருந்தால் குறத்தி வேஷம் ஆயிற்று. இவ்வளவு கொஞ்சத்தில் அடையாளம் பிடிபடுகிறதென்றால், மிச்சத்தை நிரப்புவது பார்ப்பவரின் மண்டைக்குள் ஏற்கெனவே இருக்கும் சாதிப் படிமம்தான். கரகாட்டம் முதலான நிகழ்ச்சிகளில் குறவன்–குறத்தி ஆட்டத்துக்கு 2023இல் அரசு தடை விதித்தது, அந்தப் பெயரைச் சுமக்கும் மக்களை அது இழிவுபடுத்துகிறது என்பதால். சிங்கியை இன்று மேடையேற்றுகிறவர் இதைத் தாண்டிப் போக முடியாது. குறவஞ்சியில் நகைக்குப் பேர் சொல்லுகிறவள் சிங்கி. தசரா வேஷத்தில் பாசிமணி அவளுக்குப் பேர் வைக்கிறது. அட்டையை வெட்டுமுன் தீர்மானிக்க வேண்டியது, இதில் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை. ஜிகினா எங்கும் கிடைக்கும்.