காம்போரத்துப் பச்சை

காம்பைச் சுற்றிப் பச்சை தெரிந்தால் அந்தத் தக்காளியைப் பழுக்காதது என்று நம்மில் பலரும் ஒதுக்கிவிடுகிறோம். மாடியில் நாட்டுத் தக்காளி போட்டு வளர்த்த பிறகு நான் அந்தப் பச்சையைத் தேடித்தான் பொறுக்குகிறேன்.

அடிமுதல் காம்புவரை ஒரே சீராகச் சிவக்கும் தக்காளி 1930 வாக்கில் கண்ணில் பட்டது. பார்வைக்கு அழகாக இருந்ததால் வணிக ரகங்கள் பலவற்றிலும் அந்தக் குணத்தை ஏற்றினார்கள். 2012இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வுதான் அதற்கு நாம் கொடுத்த விலையைச் சொன்னது. காம்போரத்தில் பச்சையத்தைக் கூட்டும் மரபணு அந்த ரகங்களில் செயலற்றுப்போயிருக்கிறது. அதனால் காய் தானே சேர்த்துக்கொள்ளும் சர்க்கரையும் குறைந்துவிட்டது. தேனிப் பக்கத்து அன்னஞ்சித் தக்காளியிலிருந்து வந்த பெரியகுளம் 1 ரகத்தில் அந்தப் பச்சை இன்றும் தெளிவாகத் தெரியும்.

கார்த்திகை மழை ஓய்ந்ததும் விதையுங்கள், மாசியில் பழம் பார்க்கலாம். சித்திரை வெயிலில் பூ உதிர்ந்துவிடும். நாற்று ஒரு சாண் வளர்ந்ததும் தண்டை விரலால் தடவி முகர்ந்து பாருங்கள். தக்காளி வாசனை என்று நாம் நினைப்பது பெரும்பாலும் இந்தச் செடியின் வாசனைதான். கை கழுவினால் தண்ணீர் மஞ்சளாக ஓடும்.

பூவுக்குக் காலையில் போய் நில்லுங்கள். மகரந்தம் கூம்புக்குள் அடைந்து கிடக்கும், அதிர்ந்தால்தான் உதிரும். கருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு ரீங்கரிப்பது அதற்காகத்தான். வண்டு வராத மாடியில் பூங்கொத்தை விரலால் மெல்லச் சுண்டிவிட்டால் போதும்.

பழத்தை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், குளிரில் மணம் செத்துப்போகும். குறுக்காக அறுத்து, விதையைச் சுற்றியுள்ள கொழகொழப்பை முதலில் சுவையுங்கள். புளிப்பும் ருசியும் அங்கேதான் கூடுதல். அதை வழித்து எறிந்துவிட்டு ரசம் வைப்பவர்களைக் கண்டால் எனக்கு மனசு தாங்காது. ஒரு கல் உப்பு சேர்ந்தால் இன்னும் எடுப்பாக இருக்கும்.

முதலில் பழுத்த நல்ல பழம் ஒன்றைச் சமைக்காமல் விதைக்கு விடுங்கள். டம்ளரில் பிழிந்து இரண்டு மூன்று நாள் புளிக்க வைத்து, அடியில் தங்கியதைக் கழுவி, தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். ஒட்டு ரகத்தின் விதை தாயைப் போலப் பிறக்காது, நாட்டு விதை பிறக்கும். அதில் பத்து விதையைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள்.