இலையும் எலயும்

நாவலைக் கட்டுடைக்கிறோம், கவிதையைக் கட்டுடைக்கிறோம். அரிச்சுவடி மட்டும் யார் கையிலும் சிக்காமல் அப்பாவிப் பிரதியாகத் தப்பித்துவிடுகிறது. நானும் என் மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் அதை ஒழுங்காகப் படித்தேன்.

'இ' என்ற எழுத்து. பக்கத்தில் ஒரு படம். கீழே 'இலை' என்ற சொல். வகுப்பில் படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டிருக்கிறார்கள். இவள் "எல" என்றிருக்கிறாள். தப்பு என்று சொல்லி, "இலை, இலை" என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்திருக்கிறார்கள். அன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் என் அம்மா, "வாழெலய எங்க வச்சிய?" என்று கேட்க, இவள் திரும்பி, "ஆச்சி, எல தப்பு. இலைன்னு சொல்லணும்" என்றாள். எல்லாரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்தாள். ஆனால் அதற்கப்புறம் பேத்தியிடம் பேசும்போது அவள் சொற்களைக் கொஞ்சம் நிறுத்தி நிறுத்தி எடுப்பதைப் பார்த்தேன்.

அரிச்சுவடியின் தர்க்கம் எளிமையானது. படத்தைப் பார், உனக்குத் தெரிந்த பெயரைச் சொல், அந்தப் பெயரின் முதல் ஒலிதான் இந்த எழுத்து. என் மகள் இந்த விதியை அப்படியே பின்பற்றியவள். அவளுக்குத் தெரிந்த பெயர் 'எல'. அதன் முதல் ஒலி 'எ'. முறை அவளை 'எ'விடம் கொண்டுபோய் விடுகிறது, புத்தகம் 'இ' என்கிறது. உ-வுக்குப் போடும் உரலும் இதே கதைதான். வீட்டில் அது ஒரல்.

இது கொச்சை, நாக்கு வணங்காத பிள்ளைகளின் உளறல் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படியல்ல. முதலசையில் குறில் இ, உ வந்து அடுத்த அசையில் அ அல்லது ஐ வந்தால், நம் பேச்சில் பெரும்பாலும் இ எ-ஆகிறது, உ ஒ-ஆகிறது. இடம் எடம், விலை வெல, குடம் கொடம், உலகம் ஒலகம். ஐந்து வயசுப் பிள்ளை யாரும் சொல்லித்தராமலே இந்த விதியைக் கையில் வைத்திருக்கிறது. இன்னும் ஒன்று: கன்னடத்தில் எழுத்திலேயே இலைக்கு 'எலெ', உரலுக்கு 'ஒரளு'. எல்லைக்கு அந்தப் பக்கம் பாடப்புத்தகத்தில் இருக்கிற ஒலி, இந்தப் பக்கம் பிழையாகிறது.

சசூர் இறந்தபின் 1916இல் வெளியான நூலில், குறியை விளக்க ஒரு மரத்தின் படமும் அதற்கான லத்தீன் சொல்லும் இருக்கும். பார்த்தால் அரிச்சுவடிப் பக்கம் மாதிரியே இருக்கும். குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் உள்ள உறவு இடுகுறித்தன்மை கொண்டது, வழக்கத்தால் நிற்பது என்று சொல்லவே அவருக்கு அது தேவைப்பட்டது. வகுப்பறையில் அதே படம் எதிர்வேலை பார்க்கிறது. 'இலை' என்பது இலையின் இயற்கையான பெயராகவும், வீட்டுப் பெயர் அதன் அழுக்குப் பிரதியாகவும் ஆகிவிடுகிறது. புதுச்சொல் காலி இடத்தில் வந்து உட்கார்வதில்லை. ஏற்கனவே அங்கே உட்கார்ந்திருந்த சொல்லை, அதைச் சொன்ன ஆளோடு சேர்த்து, எழுப்பிவிட்டுத்தான் உட்கார்கிறது.

நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன சில்வியா ஆஷ்டன்-வார்னர் இதைத் தலைகீழாகச் செய்து பார்த்தார். அவருடைய 'டீச்சர்' 1963இல் வெளிவந்தது. உனக்கு என்ன சொல் வேண்டும் என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்பார். அட்டையில் எழுதிக் கொடுப்பார். மறுநாள் பிள்ளைக்கு அது ஞாபகமில்லை என்றால் அந்த அட்டையை எடுத்துவிடுவார். பேய், முத்தம், பயம் என்று பிள்ளைகள் கேட்ட சொற்கள் ஒரே பார்வையில் நின்றன. ஆனாலும் அவர் எழுதிக் கொடுத்தவை பெரும்பாலும் ஆங்கிலச் சொற்கள். ஆசையைக் கேட்டவர், எந்த மொழியில் ஆசை என்று கேட்கவில்லை.

அடுத்த வாரம் உ வந்தது. மகள் படத்தைக் காட்டி, "இது எதுக்குப்பா?" என்றாள். எங்கள் வீட்டில் மிக்சி இருக்கிறது, கிரைண்டர் இருக்கிறது, உரல் இல்லை. நான், "மாவு ஆட்டுறது" என்றேன். மூலையிலிருந்து அம்மா, "அது ஆட்டொரலுய்யா. இது நெல்லு குத்துத ஒரலு" என்றாள். பிறகு பத்து நிமிஷம் கையை மேலும் கீழும் ஆட்டி அவளே பாடம் நடத்தினாள். ஒலக்கை, அதன் நுனியில் பூண், சிந்தியதைத் தள்ளிவிடுவது, உமி, தவிடு, சொளவில் போட்டுப் புடைப்பது. மகள் உலக்கையே இல்லாமல் குத்திக் காட்டினாள். அந்த வீட்டில் உரலைத் தெரிந்த ஒரே ஆள், உரலைத் 'தப்பாக'ச் சொல்கிறவள்தான். அரிச்சுவடி பேச்சைத் திருத்தும்போது, தன் சொற்களுக்குப் பொருள் சொல்லக்கூடிய கடைசி ஆசிரியரையும் சேர்த்தே திருத்திவிடுகிறது.

உடனே ஒரு கேள்வி வரும்: அப்படின்னா எழுத்துத் தமிழைச் சொல்லித்தர வேண்டாமா? வேண்டும். எழுத்துத் தமிழ் யாருடைய தாய்ப்பேச்சும் இல்லை. எல்லாரும் படித்துத்தான் அடைகிறோம். படித்த வீட்டுப் பிள்ளைக்கு அது கதைப்புத்தகமாக முன்னாலேயே வந்துவிடுகிறது. மற்றப் பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் வேறு வழியில்லை. 'உன் பேச்சே போதும்' என்று அந்தப் பிள்ளையிடம் சொல்வது முற்போக்கு வேஷம் போட்ட துரோகம். நான் கேட்பது ஆசிரியரின் வாயில் கூடுதலாக ஒரு வாக்கியம்: "நாம எலன்னு சொல்றோம், எழுதும்போது இலைன்னு எழுதுறோம்." 'தப்பு' என்ற சொல் இல்லாமலே பாடம் நடக்கும். பிள்ளைக்கு இரண்டு சொல் கிடைக்கும்.

என் மகள் இப்போது ஆசிரியையிடம் 'உரல்' என்கிறாள், ஆச்சியிடம் 'ஒரல்' என்கிறாள். இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. அம்மாதான், இலை என்று வருகிற இடத்தில், இன்னமும் ஒரு நொடி நின்று பேத்தியின் முகத்தைப் பார்த்துக்கொள்கிறாள்.