பதினாலுக்கு எத்தனை மார்க்?

திருச்செங்கோட்டு மஞ்சள் ஏலத்தைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். விரலி, கிழங்கு, பனங்காளி என்று ரகம் பிரிப்பதில் தகராறே வராது. ஒரே விரலி மூட்டைக்கு நாலு வியாபாரி நாலு விலை போடுவார்கள். சிக்கல் அங்கேதான். மூட்டுத் தேய்மான ஆய்வுகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஏலம் ஞாபகத்துக்கு வரும்.

தேய்ந்த குருத்தெலும்பை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து மார்க் போடுகிறார்கள். அதில் ரொம்பப் புழங்குவது 1971இல் ஹென்றி மேன்கினும் சகாக்களும் கொடுத்த முறை. மொத்தம் 14. அமைப்புக்கு 6, செல்களுக்கு 3, சாஃப்ரனின்-ஓ சாயம் எவ்வளவு வெளிறியது என்பதற்கு 4, அடியிலுள்ள சுண்ணாம்பேறிய பகுதியின் எல்லைக்கோட்டை ரத்தக்குழாய் தாண்டியிருந்தால் 1. பரீட்சைக்குத் தலைகீழ்: மார்க் கூடினால் சேதம் அதிகம். அவர்கள் பார்த்தது இடுப்பு மூட்டை. பிற்பாடு அதே அளவுகோல் முழங்காலுக்கும் எலி, முயலுக்கும் போய்விட்டது.

எனக்கு முதலில் உறுத்துவது கூட்டல். நடு அடுக்கு வரை வெடிப்பு (3), செல்கள் சற்று அதிகம் (1), சாயம் லேசாகக் குறைவு (1): மொத்தம் 5. இன்னொரு துண்டில் மேற்பரப்பு வழவழவென்று இருக்கிறது (0), செல்கள் அதே மாதிரி (1), சாயம் சுத்தமாக இல்லை (4): அதுவும் 5. இரண்டும் ஒரே நோய் நிலையா? போதாக்குறைக்கு, சுண்ணாம்பை நீக்க ஸ்லைடு தயாரிப்பில் அமிலம் சேர்த்தாலே சாயம் பிடிப்பது குறையலாம். அப்போது நாம் எண்ணுவது நோயையா, ஆய்வகத்தின் கைப்பக்குவத்தையா?

2006இல் வந்த ஓ.ஏ.ஆர்.எஸ்.ஐ. முறை ஆழத்தை (0-6) பரப்பால் (0-4) பெருக்கச் சொன்னது. பரப்பைக் கணக்கில் எடுத்தது நல்ல விஷயம்தான். ஆனா ஆழம் 6, பரப்பு 1 என்றாலும் 6. ஆழம் 2, பரப்பு 3 என்றாலும் 6. கூட்டலில் இருந்த வம்பு பெருக்கலிலும் தொடருது.

"இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்தார்கள், ஒத்துப்போனார்கள்" என்று கட்டுரைகள் ஓர் ஒப்புமை எண்ணைக் காட்டும். அது எந்த ஸ்லைடுகளில் வந்தது என்று கேளுங்க. பாதி நல்ல குருத்தெலும்பு, பாதி முழுக்கச் சிதைந்தது என்று கலந்து வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியும், எண்ணும் உயரும். விரலியையும் பனங்காளியையும் பிரிச்ச கதைதான். மருந்து வேலை செய்ததா என்ற கேள்வி வருவதோ பெரும்பாலும் நடுவில், 4க்கும் 8க்கும் இடையில். அங்கே இருவருக்குள் எவ்வளவு வேறுபாடு என்று தனியாகச் சொல்லாத கட்டுரையின் ஒப்புமை எண்ணை நான் நம்புவதில்லை.

இளம்பிள்ளையில் குழித்தறியில் உட்கார்ந்து முழங்கால் போன அத்தை ஒருத்தர் எனக்கு உண்டு. பிரண்டைப் பொடி டப்பாவைக் காட்டி, "ஆராய்ச்சியில நிரூபிச்சிருக்குன்னு போட்டிருக்கே, வாங்கலாமா கண்ணு?" என்று கேட்டார். எலிக்கு 8 இருந்தது 6 ஆனது என்று ஓர் ஆய்வு சொல்வதாகவே வைத்துக்கொள்வோம். அந்த 2 மார்க் வெடிப்பில் குறைந்ததா, சாயத்தில் குறைந்ததா? மார்க் போட்டவருக்கு எந்த எலி மருந்து குடித்தது என்று தெரியுமா? அதே ஸ்லைடை ஒரு மாதம் கழித்துக் கொடுத்தால் அவரே 7 போடுவாரா?

அத்தையிடம், துவையல் அரைச்சுச் சாப்பிடுங்க, டப்பா வேண்டாம் என்றேன்.