கேட்காமல் விட்ட கிளெய்ம்

லாஸ் ஏஞ்சலிஸ், 1938 ஜூலை. ஊர் அடங்கிய பிறகு ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குள் விற்பனையாளன் ஒருவன் தள்ளாடியபடி நுழைகிறான். தோளில் குண்டடி. கிளெய்ம்ஸ் மேனேஜரின் அறைக்குப் போய், டிக்டாஃபோனை முடுக்கி, அலுவலகக் குறிப்பு சொல்லும் தோரணையிலேயே வாக்குமூலம் கொடுக்கத் தொடங்குகிறான். கொன்றது தான்தான் என்கிறான். பணத்துக்காகவும் ஒரு பெண்ணுக்காகவும் கொன்றான். பணமும் கிடைக்கவில்லை, பெண்ணும் கிடைக்கவில்லை. பில்லி வைல்டர் இயக்கிய ‘டபுள் இன்டெம்னிட்டி’ (1944) தொடங்கிய சில நிமிடங்களிலேயே கொலையாளி யார், கதி என்ன என்பதையெல்லாம் போட்டு உடைத்துவிடுகிறது. அதற்குப் பிறகும் நூறு நிமிடம் யாராலும் எழுந்து போக முடிவதில்லை.

காரணம் கேட்டால் பலரும் நிழலைச் சொல்வார்கள், சிகரெட் புகையைச் சொல்வார்கள், மாடிப்படியில் இறங்கி வரும் பார்பரா ஸ்டான்விக்கின் காலில் மின்னும் கொலுசைச் சொல்வார்கள். எல்லாம் சரிதான். ஆனால் இந்தப் படத்தின் உயிர் இருப்பது அலுவலக ஃபைலில். பாலிசி, பிரதியில் போடும் கையெழுத்து, பிரீமியத்துக்கான செக், கிளெய்ம் விசாரணை என்று காகித வேலையை இத்தனை ருசியோடு காட்டிய குற்றப்படம் இன்னொன்றைச் சொல்வது கடினம்.

விஷயம் எளிது. விபத்தில் இறந்தால் இருமடங்கு பணம் என்பது பாலிசியில் ஒரு ஷரத்து. எல்.ஐ.சி. பாலிசி எடுத்த நம் வீடுகளிலும் ‘டபுள் ஆக்சிடென்ட் பெனிஃபிட்’ தெரிந்த சங்கதிதான். படத்தில் வரும் ஷரத்து இன்னும் குறுகலானது: அநேகமாக நடக்கவே நடக்காத சில வகை விபத்துகளுக்கு மட்டுமே இரட்டைத் தொகை. ரயிலில் சாவது அவற்றில் ஒன்று. ஆளை இழுக்கக் கம்பெனி வைத்த கவர்ச்சி அது. ஐம்பதாயிரம் டாலர் பாலிசியை ஒரு லட்சமாக்கிக் கொள்ளலாம் என்று விற்பனையாளன் வால்டர் நெஃப் கணக்குப் போடுகிறான். அவன் மயங்கிக் கிடக்கும் ஃபிலிஸ் டீட்ரிக்ஸனின் (பார்பரா ஸ்டான்விக்) கணவன் ரயிலில் சாக வேண்டும், அவ்வளவுதான்.

கதையின் வேர் நிஜத்தில் இருக்கிறது. 1927-இல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ரூத் ஸ்னைடர் என்ற பெண், உள்ளாடை விற்பனையாளரான ஜட் கிரே என்ற காதலனோடு சேர்ந்து கணவரைக் கொன்றார். கணவர் பெயரில், அவருக்கே சரியாகத் தெரியாமல், இரட்டைத் தொகை ஷரத்தோடு பாலிசி எடுக்கப்பட்டிருந்தது. 1928 ஜனவரியில் சிங் சிங் சிறையில் இருவருக்கும் மின்நாற்காலி. ஒரு புகைப்படக்காரர் கணுக்காலில் கேமராவைக் கட்டி மறைத்துக்கொண்டு போய் ரூத்தின் மரண நொடியைப் படமெடுக்க, ‘டெய்லி நியூஸ்’ அதை முதல் பக்கத்தில் போட்டது. அப்போது நியூயார்க்கில் பத்திரிகையாளராக இருந்த ஜேம்ஸ் எம். கேன், 1936-இல் ‘லிபர்ட்டி’ இதழில் எழுதிய தொடர்கதைக்கு இந்த வழக்குதான் விதை. தணிக்கைப் பொறுப்பிலிருந்த ஜோசஃப் பிரீனின் அலுவலகம் கதையைப் படமாக்கவே கூடாது என்று பல வருடம் மறித்தது. கொலை செய்யும் முறையைச் சனங்களுக்குப் பாடமாக நடத்துகிறது என்பது புகார்களில் ஒன்று. புகார் பொய்யில்லை, பாடம்தான் நடத்துகிறது, அதுவும் ஒழுங்காக.

வைல்டரின் வழக்கமான எழுத்துக்கூட்டாளி சார்லஸ் பிராக்கெட்டுக்குக் கதை ருசிக்கவில்லை. அந்த இடத்துக்கு வந்தவர் துப்பறியும் நாவல்கள் எழுதிய ரேமண்ட் சாண்ட்லர். ஐம்பத்தைந்து வயதில் அவருக்கு இதுதான் முதல் திரைக்கதை. இருவருக்கும் ஒருநாளும் ஒத்துப்போகவில்லை. ஆனால் கசந்துகொண்டே எழுதிய அந்த வசனங்களில் ஒரு சொல் அதிகமில்லை. நெஃபும் ஃபிலிஸும் முதன்முறை பேசும்போது மயக்கமும் மிரட்டலும் வேக வரம்பு, போக்குவரத்துப் போலீஸ் என்ற பாவனையில் பந்தாகப் போய்வருகின்றன. அலுவலக மாடியில் நெஃப் நடந்து போகும்போது நாற்காலியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும் மனிதர் சாண்ட்லரே. சில நொடிதான், கண் சிமிட்டினால் போயிற்று.

நடிகர் தேர்விலும் வைல்டர் சூதாடியிருக்கிறார். ஃபிரெட் மக்மரி அதுவரை இலகுவான நகைச்சுவைப் படங்களின் சிரித்த முகம். அந்த முகம்தான் இங்கே சரியான முதலீடு, ஏனென்றால் நெஃப் பிறவி வில்லன் இல்லை. ஆண்டுக்கணக்காகப் பாலிசி விற்று, ஏமாற்ற வருகிறவர்களின் தந்திரம் ஒவ்வொன்றையும் பார்த்தவன். சூதாட்டச் சக்கரத்தைக் காவல் காக்கிறவனுக்கே ஒருநாள் அதை ஏய்த்துப் பார்க்கும் ஆசை வருகிறதே, அந்தச் சபலம்தான் அவனுடையது. ஃபிலிஸ் வந்திருக்காவிட்டால் வேறொரு வாசலில் வேறொருத்தி வந்திருப்பாள்.

இனி கிளெய்ம்ஸ் மேனேஜர் பார்ட்டன் கீஸ். எட்வர்ட் ஜி. ராபின்சன் நடித்த இந்தப் பாத்திரம் படத்தையே தூக்கிக்கொண்டு போகிறது. பொய்க் கிளெய்ம் எதிரே வந்தால் அவருக்கு நெஞ்சுக்குள் ஒரு குட்டி மனிதன் முடிச்சுப் போடத் தொடங்கிவிடுவான். அறிமுகக் காட்சியிலேயே, தன் லாரியைத் தானே எரித்துவிட்டு வந்த ஆளிடம் உண்மையைக் கக்கவைத்து, கதவுக் கைப்பிடியை எப்படித் திருப்பி வெளியே போவது என்றும் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார். பிறகு, டீட்ரிக்ஸன் செய்துகொண்டது தற்கொலை என்று சாதித்துப் பணத்தை மிச்சம் பிடிக்கப் பார்க்கும் கம்பெனி முதலாளியை அவர் மடக்கும் இடம். தற்கொலைக்கு மட்டும் எத்தனை தொகுதி புள்ளிவிவரம் இருக்கிறது, அதில் தொழில்வாரி, பருவவாரி, விஷவாரி, உயரவாரி என்று எத்தனை பிரிவு என மூச்சு விடாமல் அடுக்குகிறார். அத்தனை பட்டியலிலும், மெதுவாகப் போகும் ரயிலின் கடைசிப் பெட்டியிலிருந்து குதித்துத் தற்கொலை செய்தவர் ஒருவர்கூட இல்லையாம். புள்ளிவிவரப் புத்தகத்தைச் சங்கீதம்போல வாசித்துக் காட்டுகிறார் ராபின்சன். எதிரே நெஃப் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான்.

படத்தின் உச்சம் என்று கொலையைச் சொல்வதைவிட, நெஃபின் வீட்டுக்குக் கீஸ் வரும் இரவைச் சொல்லலாம். டீட்ரிக்ஸனுக்குச் சாவதற்கு முன்பே கால் முறிந்திருந்தது. கையில் விபத்துக் காப்பீட்டுப் பாலிசி இருக்கிறது. கால் முறிந்ததற்கு ஏன் கிளெய்ம் போடவில்லை? இதுதான் கீஸைத் தின்கிறது. இந்தத் துப்பின் அழகே தனி. கைரேகை இல்லை, ரத்தக்கறை இல்லை. ஒரு மனிதன் நிரப்பாமல் விட்ட படிவம்தான் தடயம். கார் பாலிசியைப் புதுப்பிக்கும் காகிதத்தின் பிரதி என்று நினைத்துக் கையெழுத்திட்டவனுக்குத் தன்னிடம் விபத்துப் பாலிசி இருப்பதே தெரியாது. ஒருவேளை அவனுக்குத் தெரியாதோ என்று கீஸ் வாய்விட்டே சொல்கிறார். விடை வந்துவிட்டது. அடுத்த நொடி அவரே அதைத் தள்ளிவிடுகிறார். பாலிசியை நேரில் கொண்டுபோய்க் கொடுத்துச் செக் வாங்கி வந்தது நெஃப் ஆயிற்றே, அவன் எப்படித் தவறு செய்வான்? கீஸ் ஒரே ஒரு ஆளைச் சந்தேகிக்கவில்லை, குற்றம் தப்பித்துவிட்டது.

அவர் கிளம்பும்போது ஃபிலிஸ் தாழ்வாரத்தில் வந்துகொண்டிருக்கிறாள். திறந்த கதவின் பின்னால் ஒட்டிக்கொள்கிறாள். குடியிருப்பு வீட்டுக் கதவு உள்பக்கமாகத்தான் திறக்கும். இந்தக் கதவோ வெளிப்பக்கம் திறக்கிறது. தர்க்கம் தோற்ற இடம்தான். பார்க்கிறவர்களுக்கு அந்த நேரத்தில் தர்க்கம் நினைவுக்கு வராது என்ற தைரியம் வைல்டருக்கு.

ஒளிப்பதிவாளர் ஜான் எஃப். ஸைட்ஸைப் பற்றித் தனியாகவே எழுதலாம். கலிஃபோர்னியாவின் கொளுத்தும் பகலை வீட்டுக்குள் கொண்டுவந்து, பட்டைத் திரைகள் வழியாகக் கீற்றுகளாக வெட்டி, அலுமினியத் துகளைக் காற்றில் ஊதி, பல நாள் துடைக்காத கூடத்தின் தூசியை ஒளியில் மிதக்கவிட்டார். கொலை நடக்கும்போது கேமரா கொலையைப் பார்க்கவில்லை. கார் ஓட்டும் ஸ்டான்விக்கின் முகத்திலேயே நிற்கிறது. பக்கத்து இருக்கையில் ஒருவன் சாகும் சத்தம் மட்டும் வருகிறது. அந்த முகத்தில் மெல்லிய நிறைவு ஒன்று படர்வது, காட்டியிருக்கக்கூடிய எதையும்விடப் பயங்கரம். ரயிலிலிருந்து விழுந்ததுபோலப் பிணத்தைத் தண்டவாளத்தில் போட்டுவிட்டுத் திரும்பும்போது கார் கிளம்ப மறுக்கும் அந்தச் சில விநாடிகளில், கொலைகாரர்கள் தப்ப வேண்டுமே என்று பார்க்கிறவரின் மனமே தவிக்கிறது.

குறைகளும் உண்டு. ஸ்டான்விக்கின் பொன்னிறப் பொய்முடியைப் பார்த்து பாரமவுண்டின் தயாரிப்புத் தலைவரே ஜார்ஜ் வாஷிங்டனை வைத்துக் கேலி செய்தாராம். மலிவான பளபளப்பு அந்தப் பாத்திரத்துக்குப் பொருந்தத்தான் செய்கிறது என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் ஃபிலிஸின் வளர்ப்பு மகள் லோலாவும் அவள் காதலனும் வரும் பகுதிக்குச் சமாதானம் கிடையாது; படம் அங்கே இளைக்கிறது. கடைசி நேரத்தில் ஃபிலிஸுக்குத் திடீரென்று அன்பு சுரப்பதும் நம்பும்படி இல்லை.

ஏழு ஆஸ்கர் பரிந்துரைகள் வந்தன, ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அந்த ஆண்டின் சிறந்த படம் ‘கோயிங் மை வே’. போர் முடிந்து அமெரிக்கப் படங்கள் பாரீஸுக்கு மொத்தமாக வந்து சேர்ந்தபோது, 1946-இல் விமர்சகர் நினோ ஃபிராங்க் இதையும் இன்னும் சில படங்களையும் சேர்த்து ‘ஃபிலிம் நுவார்’ என்று எழுதினார். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

வைல்டர் வேறொரு இறுதிக்காட்சியையும் எடுத்திருந்தார். சிறையின் விஷவாயு அறையை அச்சு அசலாக செட் போட்டு, நெஃப் சாவதைக் கீஸ் பார்த்து நிற்பதாகப் படமாக்கினார்; செலவு சுமார் ஒன்றரை லட்சம் டாலர். பிறகு அதை அப்படியே வெட்டிப் போட்டார். படம் முழுக்கக் கீஸின் சுருட்டுக்குத் தீக்குச்சி உரசிக் கொடுத்தவன் நெஃப். அலுவலக வாசலில் சரிந்து கிடக்கும் அவனுக்குக் கீஸ் ஒரு குச்சியை உரசிக் கொடுத்ததோடு இருவரின் கணக்கும் தீர்ந்துவிட்டது, அரசாங்கத்தின் தண்டனையைக் காட்ட வேண்டிய வேலை அதற்குமேல் படத்துக்கு இல்லை என்று வைல்டருக்குத் தோன்றிவிட்டது.