நகரும் உழைப்பும் நகரா உதவியும்: செங்கல்பட்டு – மாமல்லபுரம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

நலத்திட்டங்களில் செய்யப்படும் மாற்றம் புலம்பெயர்ந்தோரின் வறுமையைக் குறைக்கிறதா, வேலைவாய்ப்பைக் கூட்டுகிறதா என்னும் வினா மேலைநாடுகளுக்கு மட்டும் உரியதன்று. 1983 முதல் தமிழகம் வந்த ஈழத்தமிழர்க்கு அரசு வழங்கிவரும் உதவிகளும் இவ்வினாவை எழுப்புகின்றன. 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி படுகொலை நிகழ்ந்த திருப்பெரும்புதூர், அன்று செங்கல்பட்டைச் சார்ந்த மாவட்டத்தில் இருந்தது. அந்நிகழ்வுக்குப் பின் ஏதிலியர் மீதான கண்காணிப்பு இறுகியது. வெளிநாட்டவர் சட்டத்தின்கீழ்ச் 'சிறப்பு முகாம்' இயங்கிய ஊர்களுள் செங்கல்பட்டும் ஒன்று. நலமும் கண்காணிப்பும் பின்னிப் பிணைந்த இவ்வரலாற்றை விலக்கிவிட்டு உதவித்தொகையை மதிப்பிட இயலாது.

உதவியின் அளவு

2021 ஆகஸ்டில் தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் ரூ.317.40 கோடி மதிப்பிலான திட்டங்களை அறிவித்தார். முகாம்களில் 58,822 பேரும், வெளியே 34,087 பேரும் வாழ்வதாக அப்போது கூறப்பட்டது. குடும்பத் தலைவர்க்கான மாதப் பணக்கொடை ரூ.1,000இலிருந்து ரூ.1,500 ஆகவும், ஏனைய பெரியவர்க்கு ரூ.750இலிருந்து ரூ.1,000 ஆகவும், சிறார்க்கு ரூ.400இலிருந்து ரூ.500 ஆகவும் உயர்ந்தது. இரு குழந்தைகளுடைய தம்பதியர் பெறும் தொகை ரூ.2,550இலிருந்து ரூ.3,500 ஆயிற்று. நாளொன்றுக்கு ஏறத்தாழ ரூ.32 கூடுதல். இது பசியைத் தடுக்கும் தளமேயன்றி, வறுமையிலிருந்து ஏற்றும் படியன்று. 7,469 வீடுகளைக் கட்டித்தரும் அறிவிப்பே இத்திட்டத்தின் வலுவான கூறு.

உதவியின் இடம்

அளவினும் முதன்மையானது, உதவி எங்கே கிடைக்கிறது என்பது. முகாமில் நடைபெறும் தணிக்கையின்போது நேரில் இல்லாதவர் பணக்கொடையை இழக்க நேரும் என்பது நெடுநாள் நடைமுறை. மறைமலைநகர்த் தொழிற்பகுதியிலும் மாமல்லபுரக் கடற்கரையின் விடுதிக் கட்டுமானங்களிலும் வேலை தேடுவோர்க்கு வாரக்கணக்கில் வெளியே தங்கவேண்டிய தேவை எழக்கூடும். தங்கினால் உதவி ஐயத்துக்குள்ளாகும். திரும்பினால் வேலை கைநழுவும். எனவே முகாமுக்கு அண்மையில் கிடைக்கும் வண்ணப்பூச்சு, கட்டடவேலை முதலிய நாள்கூலிப் பணிகளே எஞ்சுகின்றன.

இதே வட்டாரத்தின் கட்டுமானத் தளங்களிலும் செங்கற்சூளைகளிலும் உழைக்கும் பிற மாநிலத்தவர் நிலை வேறு. 'ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை' திட்டம் தமிழகத்தில் 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்ந்த அட்டைதாரர் வேலைசெய்யும் ஊரிலேயே தானியம் பெறலாம். கூலியும் குடியிருப்பும் சீராகாத நிலையிலும், உழைப்பவரைத் தொடர்ந்து உதவி நகர்கிறது. ஈழத்தமிழர்க்கோ உழைப்பு நகர்கிறது, உதவி நகர்வதில்லை. இவ்வேறுபாட்டின் வேர் குடியுரிமையில் உள்ளது. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையரை உள்ளடக்கவில்லை. பட்டம் பெற்ற முகாம் இளைஞரும் அரசுப்பணிக்கு உரியவராவதில்லை. ஆகவே 2021 அறிவிப்பில் இடம்பெற்ற திறன்பயிற்சி, வேலைக்குரிய தகுதியைத் தரலாம். வேலைக்குரிய உரிமையைத் தராது.

முடிவுரை

பணக்கொடை மக்களைச் சோம்பராக்குகிறது என்னும் வாதம் இங்குப் பொருந்தாது. அத்தொகையில் எவரும் உழையாது வாழ இயலாது. பணக்கொடையைக் குறைப்பதும் தீர்வன்று. தணிக்கையிலிருந்து உதவியைப் பிரித்தலும், அதனைப் பணியிடத்திலும் பெறச்செய்தலும் மாநில அரசின் நிருவாக எல்லைக்குள் எண்ணத்தக்கவை. குடியுரிமை ஒன்றிய அரசின் பொறுப்பு. 'ஏதிலியர் முகாம்' என்பது 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாறியுள்ளது. வெளியே சென்று உழைத்துத் திரும்பும் உரிமை வரும்போதே அப்பெயர் பொருள்பெறும்.