ஒரு புகைப்படத்தின் பின்னால் போனவர்கள்

லண்டனையொட்டிய ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனை வாசல், 1913. ரோம மேலங்கி, தோளில் பை, பக்கத்தில் விளம்பரப் பலகை. பெண்களுக்கு வாக்குரிமை கேட்கும் பத்திரிகையை நின்று விற்கிறார் ஓர் இந்தியப் பெண். மகாராஜா ரஞ்சித் சிங்கின் பேத்தி சோபியா துலீப் சிங் அவர்.

இந்தப் படம் கண்ணில் பட்டதும், ‘யார் இவர்?’ என்று தேடத் தொடங்கினார் பத்திரிகையாளர் அனிதா ஆனந்த். 2015இல் புத்தகம் வந்தது. அதே ஆண்டு அவர் தொகுத்து வழங்கிய பிபிசி ஆவணப்படமும் வந்தது.

ஆவணப்படக்காரர்களின் வேலை எங்கள் கோலார் தங்க வயல்காரர்களுக்குச் சட்டென்று புரியும். டன் கணக்கில் பாறையை உடைத்தால் சில கிராம் தங்கம். அப்படிக் கிடைத்த ஒன்று, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவம். பெண்களை மதிக்காத நாட்டின் கணக்கில் சேர மாட்டேன் என்று அதிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார் சோபியா. நூறு வரி வர்ணனை சொல்லாததை அந்தக் கையெழுத்து சொல்லிவிடுகிறது. தேடி எடுத்தவருக்குத்தான் முதல் பாராட்டு.

சோபியா கேட்ட வாக்குரிமைக்கு எங்கள் ஊரிலும் ஒரு கதை உண்டு. தங்க வயல் தொகுதி 2013, 2018, 2023 என்று மூன்று தேர்தல்களிலும் பெண்களையே சட்டமன்றத்துக்கு அனுப்பியது. சுரங்கம் 2001இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். கேமரா வைத்திருக்கும் பிள்ளைகளே, அவர்கள் முதல் ஓட்டுப் போட்ட கதையை இப்போதே பதிவு செய்யுங்கள்.